மந்திரவாதிக்கு இரண்டாவது தொழில் தேவையா? மயிலாப்பூர் அண்ணன் தம்பி கணக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களுக்குள் ஐம்பது வருஷமாக ஓயாத சண்டை ஒன்று உண்டு. மந்திரவாதியாக ஆட்டத்தைத் தொடங்கியவன் கடைசி வரை மந்திரவாதியாகவே இருக்க வேண்டுமா? நடுவில் கொஞ்சம் வாள் வீசவும் கற்றுக்கொள்ளலாமா? ஆட்டக்காரர்களின் பாஷையில் சொன்னால், மல்டிகிளாஸ் செய்யலாமா, கூடாதா?

ஆடிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு நிமிட விளக்கம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு தொழில் உண்டு, அதற்குப் பெயர் கிளாஸ். போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று போகும். அரக்கனைக் கொன்றால், புதையலை எடுத்தால் அனுபவப் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேரச் சேர லெவல் ஏறும். லெவல் ஏறினால் மந்திரவாதிக்குப் பெரிய பெரிய மந்திரங்கள் கிடைக்கும். அவ்வளவுதான்.

மந்திரவாதிக்கு மட்டும் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு உறுத்துகிறது? பழைய விதிகளில் முதல் லெவல் மந்திரவாதி பரிதாபமான பிறவி. உடம்பில் கவசம் கிடையாது. உயிர்ப் புள்ளி ஒன்றிலிருந்து நான்குக்குள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதையும் சொல்லி முடித்த கையோடு மறந்துவிடுவான். (சொன்னதும் மந்திரம் மனசை விட்டுப் போய்விடும் என்ற யோசனை, ஜாக் வான்ஸ் 1950-ல் எழுதிய 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து வந்தது.) ஒரு மந்திரம் தீர்ந்தால் அன்றைய பிழைப்பு முடிந்தது, போர்வீரன் முதுகுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதுதான். ஆனால் அதே ஆசாமி பதினெட்டாம் லெவலுக்குப் போனால் வானத்திலிருந்து எரிகல்லை இறக்குவான். ஆரம்பத்தில் ஒன்றுமில்லை, கடைசியில் எல்லாம். இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவனுக்கு நடுவழியில் பக்கத்து வீட்டு வாள் கண்ணில் படுவதில் என்ன ஆச்சரியம்?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது மொத்தம் மூன்றே கிளாஸ்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். அதிலேயே எல்ஃப் இனத்துக்கு ஒரு சலுகை இருந்தது. இன்றைய சாகசத்துக்குப் போர்வீரன், அடுத்ததற்கு மந்திரவாதி என்று எல்ஃப் மாற்றி மாற்றி இருக்கலாம். மல்டிகிளாஸின் பிள்ளையார் சுழி அதுதான்.

1978-ல் 'அட்வான்ஸ்டு' பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு வந்தது. கைகாக்ஸ் இந்த விஷயத்தை இரண்டு தனித்தனி வழிகளாகப் பிரித்தார். எல்ஃப், குள்ளர் போன்ற இனத்தாருக்கு ஒரு வழி: ஒரே சமயத்தில் இரண்டு தொழில், கிடைக்கிற புள்ளியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதுதான் மல்டிகிளாஸ். மனிதர்களுக்கு அது கிடையாது. அவர்களுக்கு இன்னொரு வழி: பழைய தொழிலை விட்டுவிட்டுப் புதிய தொழிலை முதல் லெவலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் இதற்கு டூயல் கிளாஸ் என்று பெயர் நிலைத்தது. பழைய தொழிலில் இனி ஒரு படி கூட ஏற முடியாது. புதிய தொழிலின் லெவல் பழையதைத் தாண்டும் வரை பழைய வித்தையைத் தொடவும் கூடாது. தொட்டால் அந்தச் சண்டைக்கான புள்ளி அம்போ. தாண்டிய பிறகு இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இன்னொரு செக்கும் வைத்தார். எல்ஃப் மந்திரவாதிக்கு 11-ஆம் லெவலோடு உச்சவரம்பு. மனிதனுக்கு வரம்பே இல்லை. தன் ஆட்டத்தின் உலகம் மனிதர்களை மையமாகக் கொண்டே சுற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆக, இரண்டு குதிரையில் சவாரி செய்கிறவனுக்கு உச்சி மந்திரம் எந்தக் காலத்திலும் கிடைக்காது.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பின் புள்ளி அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் காமர்ஸ் மாணவனுக்கு நேரம் போவதே தெரியாது. 90,000 புள்ளி சேர்த்த தனி மந்திரவாதி எட்டாம் லெவல். அதே 90,000-ஐ எல்ஃப் ஒருவர் போர்வீரன், மந்திரவாதி என்று பிரித்தால் தலைக்கு 45,000. மந்திரவாதியில் ஆறாம் லெவல், போர்வீரனிலும் ஆறாம் லெவல். பாதிக் காசுக்கு முக்கால் சரக்கு! கிட்டத்தட்ட ஒவ்வொரு லெவலுக்கும் தேவையான புள்ளி முந்தியதைப் போல இரண்டு மடங்காவதால் வருகிற லாபம் இது. பாதியாகப் பிரித்தாலும் ஒன்று அல்லது இரண்டு படிதான் பின்தங்குவோம். மல்டிகிளாஸ் கட்சிக்காரர்கள் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தக் கூடாது. பதினோராம் லெவலைத் தாண்டியதும் அட்டவணையின் குணம் மாறிவிடுகிறது. இரட்டிப்பு நின்று, லெவலுக்கு 3,75,000 என்று ஒரே சீராகப் போகத் தொடங்குகிறது. 30 லட்சம் புள்ளியில் தனி மந்திரவாதி பதினெட்டாம் லெவலுக்கு வந்து கடைசிப் படியான ஒன்பதாம் படி மந்திரங்களைத் திறந்துவிடுவான். 15 லட்சத்தோடு நிற்கிற பாதி மந்திரவாதிக்கு, உச்சவரம்பை மறந்துவிட்டுப் பார்த்தாலும், பதினான்காம் லெவல்தான். ஆரம்பத்தில் இரண்டு படியாக இருந்த இடைவெளி இப்போது நான்கு. இரண்டாவது தொழிலின் விலையை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. ஆட்டம் நீண்ட பிறகுதான் பில் வருகிறது.

காலையில் பி.காம். வகுப்பு, சாயங்காலம் சி.ஏ. கோச்சிங் என்று தி.நகருக்கும் கல்லூரிக்கும் பஸ்ஸில் அலைகிறவர்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் காகிதத்தில் போடும் கணக்கு மனுஷ வாழ்க்கையில் எப்படி வரும்? இந்த இரண்டு வழிகளையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு கடைசி வரை ஆடிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுடைய மந்திரம் கர்நாடக சங்கீதம்.

மயிலாப்பூர் வழக்கறிஞர் சுந்தரம் ஐயர் வீடு சங்கீத வித்வான்கள் வந்து போகிற வீடு. பாபநாசம் சிவன் அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். மூத்த பையன் எஸ். ராஜம் 1919-ல் பிறந்தவர். இளையவர் எஸ். பாலச்சந்தர், 1927. 1930களின் முற்பகுதியில் பிரபாத் கம்பெனி எடுத்த 'சீதா கல்யாணம்' படத்தில் குடும்பமே நடித்தது. ராஜம்தான் ராமர். சீதையாக நடித்தது அவருடைய சொந்தத் தங்கை ஜெயலட்சுமி! அப்பா ஜனகர். பொடியன் பாலச்சந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தான். அண்ணனும் தங்கையும் ராமர் சீதையாகவா என்று ஆசாரமான மயிலாப்பூர் முகம் சுளித்தது. பாபநாசம் சிவன் சினிமாவுக்குள் நுழைந்ததும் இந்தப் படத்தில்தான். ஆக, சங்கீதம், சினிமா என்ற இரண்டு கிளாஸிலும் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நாளில் முதல் லெவல் விழுந்துவிட்டது.

தம்பியை முதலில் பார்க்கலாம்.

பாலச்சந்தருக்குக் கையில் எது கிடைத்தாலும் வாசிக்க வந்தது. கஞ்சிரா, தபலா, ஹார்மோனியம், சிதார். பதின்ம வயதிலேயே சென்னை வானொலியில் கலைஞர். பிறகு வீணையைப் பிடித்துக்கொண்டார், அதுவும் குரு இல்லாமல். தானாகவே கற்றது என்பதை மேடை தோறும் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். அதே நேரத்தில் சினிமாவும் நடந்தது. 1948-ல் வந்த 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடமும் அவர்தான், இசையும் அவர்தான். அதே வருஷம் 'என் கணவர்' இயக்கம். 1951-ல் 'கைதி'. 1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் 'அந்த நாள்'.

'அந்த நாள்' பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. படம் தொடங்கும்போதே கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் செத்துப்போகிறார். ஆளாளுக்கு ஒரு கோணத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள். பாட்டு இல்லாமல் தமிழ் சினிமாவே இல்லை என்றிருந்த காலத்தில் இந்தப் படத்தில் ஒரு பாட்டு கூடக் கிடையாது. நடனமும் கிடையாது. வசூலில் பெரிதாகப் போகவில்லை, ஆனால் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் வாங்கியது. இன்றைக்கும் தமிழின் முக்கியமான படங்களின் பட்டியல் யார் போட்டாலும் அதில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தமிழ் சினிமாவில் இருந்த மிகப் பெரிய சங்கீதக்காரர்களில் ஒருவர் எடுத்த ஆகச் சிறந்த படம், பாட்டே இல்லாத படம்! அவருடைய இரண்டு வித்தைகளுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. படத்துக்குக் கொடுத்த நேரம் வீணையிலிருந்து போன நேரம். அது வேறு ரூபத்தில் வீணைக்குத் திரும்பி வரவில்லை. கைகாக்ஸின் அட்டவணை சொல்வதும் இதே கதைதான். இரண்டு தனி உண்டியல். ஒன்றில் போட்ட காசு மற்றதில் விழாது.

அப்படியும் 22 வருஷம் இரண்டையும் இழுத்துக்கொண்டு போனார். 1962-ல் 'அவனா இவன்'. 1964-ல் 'பொம்மை', தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு எல்லாம் அவரே. (கே.ஜே. யேசுதாஸை தமிழுக்குக் கொண்டுவந்த படம் அது.) 1970-ல் அகதா கிறிஸ்டி பாணியில் 'நடு இரவில்'. அத்தோடு நிறுத்திவிட்டார். திரும்பிப் போகவே இல்லை. மனிதர்களுக்கான அந்த 1978 விதியை அது அச்சாவதற்கு எட்டு வருஷம் முன்பே கடைப்பிடித்த மாதிரி இருக்கிறது. பழைய தொழிலில் இனி ஒரு படி கூட இல்லை, எல்லாப் புள்ளியும் வீணைக்கே.

விட்டதில் நஷ்டம் இல்லையா? நிச்சயமாக உண்டு. 'அந்த நாள்' எடுத்தபோது அவருக்கு வயது 27. அந்தக் கை நாற்பத்து மூன்று வயதில் சினிமாவை மூடி வைத்தது. அதற்குப் பிறகு அவர் எடுத்திருக்கக் கூடிய படங்களைத் தமிழ் சினிமா இழந்தது. இதையெல்லாம் எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் பார்க்க முடியாது, பொருளாதாரப் புத்தகத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. மறுபக்கம் வரவு என்ன? ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்து, வாய்ப்பாட்டு மாதிரி ஸ்வரங்களை வளைத்துக் கொண்டுவருகிற பாணியை வளர்த்தெடுத்தார். வெளிநாடுகளில் கச்சேரிகள், இசைத்தட்டுகள். 1982-ல் பத்ம பூஷண். 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து ஒலிப்பதிவு செய்தார். கர்நாடக சங்கீதத்தில் மேளகர்த்தா எழுபத்திரண்டையும் கையாள்வது என்பது ஒன்பதாம் படி மந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். (சும்மா வாசித்துவிட்டு மட்டும் இருந்தவர் இல்லை. சுவாதித் திருநாள் பாடல்களின் மூலம் பற்றியும், பாலமுரளிகிருஷ்ணாவின் புது ராகங்கள் பற்றியும் அவர் கிளப்பிய சண்டைகள் தனிக் கட்டுரைக்குத் தாங்கும்.)

அண்ணனிடம் போவதற்கு முன் ஒரு நடுவழிக்காரரையும் பார்த்துவிடலாம். ஆட்டக்காரர்கள் 'டிப்' என்று ஒன்று சொல்வார்கள். இன்னொரு தொழிலில் ஒன்றிரண்டு லெவல் மட்டும் முங்கி எழுந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது. எம்.எஸ். சுப்புலட்சுமி செய்தது அதுதான். 1938-ல் 'சேவாசதனம்', 1940-ல் 'சகுந்தலை', 1941-ல் 'சாவித்திரி', 1945-ல் 'மீரா'. நான்கு படம், அத்தோடு நடிப்பு முடிந்தது. 'சாவித்திரி'யில் நாரதராக நடித்ததற்குக் கிடைத்த பணம் 'கல்கி' பத்திரிகை தொடங்க உதவியது. 'மீரா' இந்தியிலும் போய் வட இந்தியாவில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் படங்களில் அவர் செய்ததில் பெரும்பகுதி பாடுவதுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சங்கீதத்தில் அவருக்கு ஒரு படி கூடக் குறையவில்லை. 'சகுந்தலை'யில் துஷ்யந்தனாக நடித்த ஜி.என். பாலசுப்ரமணியமும் இப்படித்தான், சில படங்களோடு கச்சேரி மேடைக்கே திரும்பி 1958-ல் சங்கீத கலாநிதி ஆனார்.

விதிப் புத்தகத்துக்கு மறுபடி வருவோம், ஏனென்றால் அண்ணன் கதைக்குப் பழைய விதி பொருந்தாது.

2000-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு வந்தபோது எல்ஃப், மனிதன் பாகுபாடெல்லாம் போய்விட்டது. எல்லாருக்கும் ஒரே புள்ளி அட்டவணை. லெவல் ஏறும்போதெல்லாம் எந்தத் தொழிலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சுதந்திரம் கிடைத்ததும் மந்திரவாதி தலையில்தான் இடி விழுந்தது. பழைய அட்டவணையின் இரட்டிப்பு லாபம் ஒழிந்துபோனதால் ஐந்து லெவல் போர்வீரன், ஐந்து லெவல் மந்திரவாதி என்று பிரித்தவன் உண்மையிலேயே பாதி மந்திரவாதியாகிவிட்டான். பத்தாம் லெவல் எதிரிகள் முன்னால் ஐந்தாம் லெவல் நெருப்புப் பந்தோடு நின்றான். மொத்தம் இருபது லெவல், கடைசிப் படி மந்திரம் பதினேழாம் லெவலில். வெளியே மூன்று லெவலுக்கு மேல் செலவழித்தால் அந்தப் படியை எட்டவே முடியாது. மந்திரவாதி தன் மந்திர லெவலை எதற்காகவும் இழக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து ஆட்டக்காரர்களிடையே வேதவாக்கு ஆனது. நஷ்டத்தை ஈடுகட்ட, பூசாரி மந்திரத்தையும் மந்திரவாதி மந்திரத்தையும் சேர்த்து வளர்க்கிற 'மிஸ்டிக் தியர்ஜ்' மாதிரியான விசேஷ கிளாஸ்கள் வந்தன. 2008-ன் நான்காம் பதிப்பு மல்டிகிளாஸைப் பெயருக்கு மட்டும் வைத்திருந்தது, அதை விட்டுவிடலாம்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் யோசனைதான் சுவாரசியமானது. இரண்டு தொழிலும் மந்திரத் தொழிலாக இருந்தால், மந்திரம் போடுகிற சக்தி ஒரே பாத்திரத்தில் சேரும். ஐந்து லெவல் பூசாரி, ஐந்து லெவல் மந்திரவாதி என்றால் சக்தி பத்தாம் லெவல்காரனுடையது. ஆனால் தெரிந்த மந்திரங்கள் என்னவோ ஐந்தாம் லெவல் அளவுக்குத்தான். அண்டா பெரிசு, பொங்கிப் போட அரிசி கொஞ்சம். இருந்தாலும் ஒரு விஷயம் மாறிவிட்டது. முதல் முறையாக இரண்டு தொழில்களுக்கும் ஒரே உண்டியல்.

எஸ். ராஜம் இந்த ஐந்தாம் பதிப்பு ஆசாமி.

அவரும் ராமர் வேஷத்துக்குப் பிறகு சில படங்களில் நடித்துப் பார்த்துவிட்டு சினிமாவை விட்டவர்தான். ஆனால் விட்டது ஒன்றை, வைத்துக்கொண்டது இரண்டை. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்; அஜந்தா பாணியில் வரைந்தார். அதே சமயம் சங்கீதம். பாபநாசம் சிவனிடம் மட்டுமல்லாமல், முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரையைச் சேர்ந்த அம்பி தீட்சிதரிடமும் பாடம். நெடுங்காலம் சென்னை வானொலியில் வேலை. பகலில் உத்தியோகம், தீபாவளி மலர்களுக்கு ஓவியம், கச்சேரி, மாணவர்களுக்குப் பாட்டு. எதையும் விடவில்லை.

மேடையில் முதல் வரிசை நட்சத்திரமாக அவர் ஆகவில்லை. அரியக்குடி, செம்மங்குடி என்று சொல்லிக்கொண்டு வரும்போது அந்த மூச்சில் ராஜம் பெயர் வராது. இரண்டு தொழிலின் பில் அவருக்கும் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தம்பிக்குக் கிடைத்த உலக மேடையும் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் ஒரு உருவம் வருகிறதா? சபா மேடையிலும் பாட்டு டீச்சர் வீட்டுச் சுவரிலும் காலண்டரிலும் பார்த்த அந்த மும்மூர்த்தி முகங்களில் பெரும்பாலானவை ராஜம் தீட்டிய படத்திலிருந்து வந்தவை. பாடத் தெரியாத ஓவியர் அதை வரைந்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் தீட்சிதரின் நவக்கிரக கிருதிகளில் உள்ள வர்ணனையை வரி வரியாக எடுத்து ஓவியமாக்குவதும், ஏழு ஸ்வரங்களுக்கும் பழைய நூல்கள் சொல்கிற தேவதைகளை வரைவதும், அந்தப் பாட்டு உள்ளே ஊறிக் கிடக்கிறவருக்கே ஆகிற காரியம். அவரிடம் ஓவியத்துக்கும் சங்கீதத்துக்கும் நடுவில் சுவர் இல்லை. பாடம் பண்ணிய கிருதி, படத்துக்கும் ஆனது.

இன்னொன்றும் உண்டு. தம்பி வீணையில் எழுபத்திரண்டு மேளத்தையும் வாசித்தார் அல்லவா, அண்ணனும் அதே சிகரத்தை வேறு பாதையில் ஏறினார். கோடீஸ்வர ஐயர் எழுபத்திரண்டு மேளகர்த்தாவிலும் தமிழில் கிருதி செய்திருக்கிறார், 'கந்த கானாமுதம்' என்று பெயர். அவற்றில் நாற்பது விவாதி ராகங்கள். பாடினால் தோஷம் வரும் என்று பல வித்வான்கள் ஒதுக்கி வைத்தவை. ராஜம் எழுபத்திரண்டையும் பாடினார், பதிவு செய்தார், கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். விவாதி ராகமா, ராஜம் சாரைக் கேள் என்கிற அளவுக்கு ஆனது.

அப்படியானால் இரண்டு தொழில்காரன் உச்சிக்குப் போகவே முடியாது என்று கைகாக்ஸ் போட்ட வரம்பு தப்பா? வரம்பு தப்பாக இருக்கலாம், அட்டவணை தப்பில்லை. பாதிப் புள்ளிக்காரன் பதினெட்டாம் லெவலுக்குப் போக 60 லட்சம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டம் அதுவரை நடந்தால் போய்ச் சேருவான். ராஜத்தின் ஆட்டம் நடந்தது. 2010 ஜனவரியில், 91-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு காலமானார்.

பாலச்சந்தர் 1990 ஏப்ரலில், 63 வயதில், மயிலாப்பூரிலிருந்து வெகுதூரம் தள்ளி பிலாயில் காலமானார். சினிமாவை மூடிய பிறகு அவருக்குக் கிடைத்தது சரியாக இருபது வருஷம். 1970-ல் விடாமல் 1980 வரை இழுத்திருந்தால் எழுபத்திரண்டு மேளத்துக்கும் வீணைக்கும் பத்தே வருஷம்தான் மிஞ்சியிருக்கும். அண்ணனைப் போலக் கடைசி வரை இரண்டையும் வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம், அவருடைய இரண்டும் வேறு வேறு உண்டியல்.

விளையாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆட்டம் எங்கே முடியும் என்று அவர்களால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள முடியும். 2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' பன்னிரண்டாம் லெவலோடு நின்றுவிடும். அதில் ஆறாம் படி மந்திரம் கிடைப்பது பதினோராம் லெவலில். ஆக, தனி மந்திரவாதி ஒரே ஒரு லெவல் போர்வீரனாகி கவசம் மாட்டிக்கொள்ளலாம், கையைக் கடிக்காது. இரண்டாவது லெவலும் எடுத்தால் ஆறாம் படி போச்சு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் என்றால் நடத்துகிறவரிடம் முதல் நாளே கேட்டுவிடலாம், எத்தனையாம் லெவல் வரை கூட்டிப்போகப் போகிறீர்கள் என்று. பத்தாம் லெவலுக்குள் கலைந்துவிடும் கூட்டம் என்றால் எதிர்கால எரிகல்லுக்காக இன்றைக்கு அடி வாங்கிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, கவசத்தை மாட்டுங்கள். மயிலாப்பூர் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டிருக்க முடியாது. தம்பி போன பிறகும் அண்ணன் ஏறக்குறைய இருபது வருஷம் பாடிக்கொண்டும் வரைந்துகொண்டும் இருந்தார். விவாதி ராகம் கற்றுக்கொள்ள இளம் பாடகர்கள் அவர் வீட்டுப் படியேறியது பெரும்பாலும் அந்த இருபது வருஷத்தில்தான்.